லினக்ஸில் மானிட்டர் கலரைச் சரிப்படுத்துவது: அளப்பது சுலபம், திருத்துவது யார்?

லினக்ஸில் கலர் கேலிபரேஷன் பெரிய தலைவலி என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாகவே இருக்கிறது. கருவியைத் திரையில் தொங்கவிட்டு அளக்கும் வேலையைப் பொறுத்தவரை அது பழைய கதை. கிரேம் கில் எழுதிய ஆர்ஜில் சிஎம்எஸ் அந்த வேலையை எந்தக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கும் குறையாமல் செய்கிறது, பல இடங்களில் கூடுதலாகவே செய்கிறது. ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அப்புறம்தான். ப்ரொஃபைல் தயார், டெஸ்க்டாப்பிலும் போட்டாயிற்று, ஆனாலும் கிம்ப்பில் முகம் ஒரு நிறம், பிரவுசரில் இன்னொரு நிறம், படம் பார்க்கும் ஆப்பில் வெள்ளைச் சுவர் மஞ்சளாக நிற்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஒரே திருத்தத்தை இரண்டு பேர் செய்கிறார்கள், அல்லது யாருமே செய்யவில்லை. அதனால் கருவியை எடுப்பதற்கு முன்னாலேயே உங்கள் டெஸ்க்டாப்பில் யார் எதைத் திருத்துகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமை மட்டும்தான் கேட்கும்.

ஐசிசி ப்ரொஃபைல் என்று ஒரே கோப்பாகத்தான் நமக்குக் கிடைக்கிறது, ஆனால் உள்ளே இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, கேலிபரேஷன் வளைவுகள். இவை விசிஜிடி என்ற பகுதியில் இருக்கும், கிராபிக்ஸ் கார்டின் காமா அட்டவணைக்குள் போய் உட்காரும், வால்பேப்பர் முதல் வீடியோ வரை திரையில் தெரியும் எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் மாற்றும். சாம்பல் நிறம் நீலமாகவோ பச்சையாகவோ சாயாமல் இருக்கவும், வெள்ளையும் காமாவும் (இருட்டிலிருந்து வெளிச்சம் ஏறும் விதம்) நாம் கேட்ட இடத்தில் நிற்கவும் இவை உதவும். ஆனால் உங்கள் மானிட்டரின் சிவப்பு அளவுக்கு மீறிக் கண்ணைப் பறித்தால் அதை இந்த வளைவுகளால் அடக்க முடியாது. இரண்டாவது சமாச்சாரம், மானிட்டரைப் பற்றிய விவரம்: இதன் சிவப்பு இங்கே, பச்சை இங்கே, நீலம் இங்கே, வெளிச்சம் இப்படி ஏறுகிறது என்ற வெறும் வாக்குமூலம். இதைப் படித்து, படத்திலுள்ள எண்களை இந்தத் திரைக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க யாராவது ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதுதான் டெஸ்க்டாப்புக்கு டெஸ்க்டாப் மாறுகிறது.

எக்ஸ்11 (திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய அமைப்பு) அமர்வில் கதை நேரானது. ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய கலர்டி என்ற பின்னணிச் சேவை எந்தத் திரைக்கு எந்த ப்ரொஃபைல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, வளைவுகளைக் கார்டில் ஏற்றுவதும், ப்ரொஃபைலை எல்லா ஆப்களும் பார்க்கும்படி ரூட் விண்டோவில் தொங்கவிடுவதும் டெஸ்க்டாப்பின் வேலை. கிம்ப், டார்க்டேபிள், கிருதா போன்றவை அதை எடுத்துத் தாங்களே நிறத்தை மாற்றிக்கொள்ளும். மாற்றத் தெரியாத ஆப் அப்படியே கச்சா எண்களைத் திரைக்கு அனுப்பும்.

கேடிஇ பிளாஸ்மா 6-இல், வேலண்ட் (எக்ஸ்11-இன் இடத்துக்கு வந்த புது அமைப்பு) அமர்வில், நிலைமை தலைகீழ். 2024 பிப்ரவரியில் 6.0 வந்ததிலிருந்து திரை அமைப்புகளிலேயே ஒவ்வொரு மானிட்டருக்கும் ஐசிசி கோப்பைக் காட்டலாம், காட்டிவிட்டால் எல்லா ஜன்னல்களையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் கேவின் கம்பாசிட்டரே முழுத் திரையையும் மாற்றிக் கொடுத்துவிடும். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஆப் எல்லாம் எஸ்ஆர்ஜிபி (இணையத்துக்கும் சாதாரணத் திரைகளுக்கும் பொதுவான நிறவெளி) பேசுகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. இது அருமையான ஏற்பாடு, என்னைக் கேட்டால் நியாயமானதும் இதுதான். ஆனால் பழைய பழக்கத்தில் கிம்ப்பிலும் போய் அதே மானிட்டர் ப்ரொஃபைலைக் கொடுத்தீர்களானால் ஒரே திருத்தம் இரண்டு தடவை விழும், அகலமான நிற வரம்புள்ள மானிட்டரில் படம் வெளுத்துப்போய்த் தெரியும்.

க்னோம் வேலண்ட் நடுவில் நிற்கிறது. வளைவுகளை மட்டர் கம்பாசிட்டர் கார்டில் ஏற்றிவிடும், ஆனால் மானிட்டர் விவரத்தை வைத்து நிறத்தை மாற்றும் வேலை பெரும்பாலும் ஆப்களின் தலையில்தான். சில ஆப்கள் கலர்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும், சிலவற்றுக்கு நாம் கையால் கோப்பைக் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு சோதனை

கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது. கலர்டி நிறுவும்போது கூடவே சில வேண்டுமென்றே கெடுத்த ப்ரொஃபைல்களும் வருகின்றன. க்னோமில் அமைப்புகளுக்குள் கலர் பக்கத்தில் உங்கள் திரையைத் தேர்ந்து, ப்ரொஃபைல் சேர்க்கும் பட்டியலைத் திறந்தால் புளூயிஷ் என்றும், சிவப்பும் பச்சையும் இடம் மாறியது என்றும் இரண்டு தெரியும். புளூயிஷைப் போட்டதும் திரை முழுக்க நீலம் பாய்ந்தால் வளைவுகள் கார்டுக்குப் போய்ச் சேர்கின்றன என்று அர்த்தம். ஒன்றுமே ஆகவில்லையா, அந்தக் குழாய் அடைத்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்து சிவப்பு பச்சை மாறியதைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ஆப்பையும் மூடித் திறந்து ஒரே படத்தைப் பாருங்கள். தக்காளி பச்சையாகத் தெரியும் ஆப் ப்ரொஃபைலை மதிக்கிறது. தக்காளி சிவப்பாகவே இருந்தால் அந்த ஆப்புக்கு நீங்கள் அளந்து எடுக்கப்போகும் மானிட்டர் விவரத்தால் ஒரு லாபமும் இல்லை, வளைவுகள் மட்டும்தான் அதற்குக் கிடைக்கும். இந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். சோதனை முடிந்ததும் இரண்டையும் நீக்க மறக்கக்கூடாது.

கேடிஇ வேலண்டில் இன்னும் எளிது. திரை அமைப்புகளில் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி ப்ரொஃபைலை மானிட்டர் ப்ரொஃபைலாகக் கொடுத்துப் பாருங்கள். வால்பேப்பரோடு சேர்த்து எல்லாமே கொஞ்சம் வெளிறினால் கம்பாசிட்டர் தன் வேலையைச் செய்கிறது.

டார்க்டேபிள் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி. அதனுடன் வரும் டார்க்டேபிள் சிஎம்எஸ்டெஸ்ட் என்ற சிறிய நிரலை டெர்மினலில் ஓட்டினால், எக்ஸ்11 தொங்கவிட்டிருக்கும் ப்ரொஃபைலும் கலர்டி சொல்லும் ப்ரொஃபைலும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு திரைக்கும் சொல்லிவிடும். இரண்டும் வேறு வேறு என்று வந்தால் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மேலே சொன்ன மஞ்சள் சுவர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும், மானிட்டர் தன்னைப் பற்றி ஈடிஐடி வழியாகச் சொல்லும் தகவலை வைத்து கலர்டி தானாகவே ஒரு ப்ரொஃபைல் தயாரித்து மாட்டிவிடும். அந்தத் தகவலை மானிட்டர் கம்பெனிகள் எல்லாம் அக்கறையாக எழுதுவதில்லை. எண்கள் தப்பாக இருந்தால் ப்ரொஃபைலை மதிக்கும் ஆப்களில் மட்டும் நிறம் சாயும், மதிக்காத ஆப்களில் ஒழுங்காக இருக்கும், நாம் நல்ல ஆப்பைத் திட்டிக்கொண்டிருப்போம். கலர் பக்கத்தில் அந்தத் தானியங்கி ப்ரொஃபைலை அணைத்துப் பாருங்கள், பல பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

எதை வைத்து அளப்பது

கண்ணை நம்பாதீர்கள். கண் பத்து நிமிஷத்தில் எந்த வெள்ளைக்கும் பழகிக்கொள்ளும். திரையின் நிறத்தை அளக்கும் ஒரு கலரிமீட்டர் வேண்டும். எக்ஸ்ரைட் ஐ1 டிஸ்ப்ளே ப்ரோவும், 2021-இலிருந்து கேலிபிரைட் என்ற பெயரில் வரும் அதன் வாரிசுகளும் ஆர்ஜிலோடு நன்றாக ஒத்துப்போகும். டேட்டாகலர் ஸ்பைடர் வரிசையில் ஸ்பைடர் எக்ஸும் ஓடும். ஹியூஸே வடிவமைத்த கலர்ஹக் என்ற கருவி ஒன்று உண்டு, அதில் ஹார்டுவேரே திறமூலம். எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் ஆர்ஜிலின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், புதிதாகச் சந்தைக்கு வந்த மாடல் அதில் ஏற நாளாகும்.

விலை அதிகமான மாடல் தேவையா? பல வரிசைகளில் உள்ளே இருக்கும் சென்சார் ஒன்றுதான், பெட்டியோடு வரும் மென்பொருளைத்தான் முடக்கியிருப்பார்கள். நாம் அந்த மென்பொருளை நிறுவப்போவதே இல்லை என்பதால் மலிவான மாடலிலும் முழு வசதியும் கிடைக்கும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஆர்ஜிலுக்கு உரிமத் தொல்லை கிடையாது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவதில்தான் கவனம் வேண்டும். பழைய மாடல்களின் வடிகட்டிகள் சூட்டிலும் ஈரப்பதத்திலும் நிறம் மங்கிப்போகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து வருஷம் மேஜை டிராயரில் கிடந்த கருவி சொல்லும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

கலரிமீட்டருக்கு எந்த வகை பின்வெளிச்சம் என்று சொல்லியாக வேண்டும். வெள்ளை எல்இடியா, பழைய சிசிஎஃப்எல் குழாயா, அகல நிற வரம்புள்ள பிஎஃப்எஸ் பாஸ்பர் வகையா, ஓஎல்இடியா என்று பட்டியலில் கேட்கும். இதைத் தப்பாகச் சொன்னால் அளவு முழுக்க நேர்த்தியாக நடந்து முடியும், முடிவில் வெள்ளை மட்டும் லேசாக இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் மானிட்டர் விவரக் குறிப்பைத் தேடிப் படித்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள். கருவியோடு வந்த நிறுவியிலிருந்து திருத்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ள ஆர்ஜிலில் ஓஈஎம்இன்ஸ்ட் என்றொரு நிரல் இருக்கிறது, டிஸ்ப்ளேகால் வைத்திருந்தால் அதன் மெனுவிலேயே இது கிடைக்கும்.

திரையைத் தயார் செய்வது

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நைட் லைட், ரெட்ஷிஃப்ட் மாதிரி மாலையில் திரையை மஞ்சளாக்கும் எதுவும் ஓடக்கூடாது, அவையும் அதே காமா அட்டவணையில்தான் கை வைக்கின்றன. எச்டிஆர் அணைந்திருக்க வேண்டும். மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, கண் பாதுகாப்பு மோடு எல்லாவற்றையும் அணையுங்கள். லேப்டாப் என்றால் அறை வெளிச்சத்துக்கு ஏற்ப பிரகாசம் மாறும் வசதியையும் நிறுத்துங்கள்.

ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க, டிரைவர் பின்வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அதை ஈடுகட்டப் படத்தின் கான்ட்ராஸ்ட்டை மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது. பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனின் புதிய பதிப்புகள் அதைத் தானாகவே இயக்குகின்றன. சார்ஜரைச் செருகி, பவர் நிலையைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு அளங்கள். பின்னால் படம் திருத்தும்போதும் அதே நிலையில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அளந்தது ஒரு திரை, பார்ப்பது இன்னொரு திரை.

எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கார்டு சில சமயம் மானிட்டரை டிவி என்று நினைத்து 0 முதல் 255 வரை அனுப்புவதற்குப் பதிலாக 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் இதுவாக இருக்கலாம். கேடிஇ திரை அமைப்புகளில் ஆர்ஜிபி ரேஞ்ச் என்று ஒரு தேர்வு தெரிந்தால் அதை முழு அளவில் வையுங்கள், இன்டெல் கார்டில் எக்ஸ்11 ஓடினால் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற பண்பை ஃபுல் என்று மாற்றலாம். மானிட்டர் மெனுவிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கக்கூடும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

திரையை அரை மணி நேரம் எரியவிட்டுச் சூடேற்றுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், தலைக்கு மேலே உள்ள டியூப் லைட் நேராகக் கண்ணாடியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

டிஸ்ப்ளேகால் என்பது ஆர்ஜிலுக்கு மேல் ஃப்ளோரியன் ஹோக் எழுதிய வரைகலை முகம். பைத்தான் 2-இல் எழுதப்பட்டது, 2020 தொடக்கத்தில் பைத்தான் 2-க்கே ஆதரவு நின்றுபோனதும் டிஸ்ட்ரோக்கள் இதை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டன. அப்புறம் வேறு சிலர் சேர்ந்து பைத்தான் 3-க்கு மாற்றி உயிரூட்டியிருக்கிறார்கள், அந்தப் பதிப்பைத் தேடி நிறுவுங்கள். கருவியைச் செருகியும் கண்டுகொள்ளவில்லை என்றால் ரூட்டாக ஓட்டப் போகாதீர்கள். கலர்டி நிறுவியிருந்தால் கருவியைத் தொட அனுமதி கொடுக்கும் யுடெவ் விதிகள் கூடவே வந்திருக்கும், கருவியைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் போதும்.

வேலண்டில் இருக்கிறீர்கள் என்றால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. டிஸ்ப்ளேகாலோ ஆர்ஜிலோ வளைவுகளைத் தாங்களாகக் கார்டில் ஏற்றிப் பார்த்து அளக்க வேலண்ட் இடம் கொடுக்காது. க்னோம் 49-இலிருந்து எக்ஸ்11 அமர்வும் இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எக்ஸ்11-இலேயே இயங்கும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை யூஎஸ்பியில் போட்டு, அதில் பூட் செய்து அளந்து, கிடைக்கும் ஐசிசி கோப்பை உங்கள் டெஸ்க்டாப்புக்கு எடுத்து வருவது. கோப்பு கோப்புதான், எங்கே செய்தாலும் ஒன்றுதான், அதே கார்டு, அதே கேபிள், அதே மானிட்டர் அமைப்பு என்றால் போதும். க்னோம்காரர்களுக்கு இதுதான் நல்லது. இரண்டாவது, வளைவுகளே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெள்ளையையும் பிரகாசத்தையும் மானிட்டர் பொத்தான்களாலேயே சரிசெய்து, அதற்குமேல் ப்ரொஃபைல் மட்டும் எடுப்பது. டிஸ்ப்ளேகாலில் வெள்ளை, டோன் வளைவு இரண்டையும் அளந்தபடி என்று வைத்துவிட்டால் இது நடக்கும். கேவின் முழுத் திருத்தமும் தானே செய்வதால் பிளாஸ்மாவுக்கு இந்த வழி கச்சிதமாகப் பொருந்தும். ஒரே நிபந்தனை, அளக்கும்போது திரை அமைப்பில் ப்ரொஃபைல் எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும், பழைய ப்ரொஃபைல் மேலேயே புதியதை அளந்தால் கிடைப்பது குப்பை.

இனி எண்கள். வெள்ளைக்கு டி65, அதாவது ஏறக்குறைய 6500 கெல்வின். காமா 2.2. பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா. எஸ்ஆர்ஜிபி தரம் 80 என்றுதான் சொல்கிறது, ஆனால் பகல் வெளிச்சம் வரும் அறையில் 80 மங்கலாக இருக்கும், நான் 110 பக்கம் வைப்பேன். அச்சுக்குப் போகும் ஆல்பம் வேலை என்றால் குறைவான பக்கமே நல்லது. கடையிலிருந்து வந்த மானிட்டர் 250, 300 என்று கொளுத்திக்கொண்டிருக்கும், அதில் திருத்திய படம் அச்சில் இருட்டாகத்தான் வரும். அச்சகக்காரரோடு சண்டை போடும் பாதிப் பேருக்கு இது ஒன்றே மருந்து.

அளவு தொடங்கியதும் முதலில் மானிட்டர் பொத்தான்களைச் சரிசெய்யச் சொல்லும் திரை வரும். இங்கே அவசரப்படாதீர்கள். மானிட்டர் மெனுவில் கஸ்டம் அல்லது யூசர் நிற நிலைக்குப் போய், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, திரையில் தெரியும் மூன்று பட்டைகளும் நடுக்கோட்டுக்கு வரும்வரை விளையாடுங்கள், எப்போதும் அதிகமாக இருப்பதைக் குறைக்கப் பாருங்கள், குறைவாக இருப்பதை ஏற்றாதீர்கள். அப்புறம் பிரகாசம். கான்ட்ராஸ்ட்டைத் தொடவே வேண்டாம். மானிட்டர் பொத்தான்கள் எரிச்சலூட்டினால் டிடிசியூடில் என்ற கட்டளை நிரல் கேபிள் வழியாகவே இவற்றை மாற்றும்: பிரகாசம் அம்சம் 10, கான்ட்ராஸ்ட் 12, சிவப்பும் பச்சையும் 16, 18. ஐ2சி கர்னல் மாடியூல் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த எண்ணில் வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ள இது ரொம்ப வசதி.

இந்த வேலையை ஏன் மானிட்டரிலேயே செய்ய வேண்டும் என்றால், கார்டில் செய்தால் படிகள் போய்விடும். 8 பிட் திரையில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். நீலம் கூடுதல் என்று கார்டில் அதை 85 சதவீதத்துக்கு இறக்கினால் சுமார் 40 படிகள் காலி, வானத்தில் மென்மையாக மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரியும். லேப்டாப்பில் இந்தப் பொத்தான்களே கிடையாது, அதனால் அங்கே வெள்ளையைப் பேனலின் சொந்த வெள்ளையாகவே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். 6500-க்குப் பதில் 7000 என்று நின்றாலும் பரவாயில்லை, வேறு திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை கண் பழகிவிடும்.

ப்ரொஃபைல் வகையில் ஒற்றை வளைவும் மேட்ரிக்ஸும் என்று இருப்பதை எடுங்கள். எக்ஸ்ஒய்இசட் எல்யூடி என்ற அட்டவணை வகை காகிதத்தில் துல்லியமானது, ஆனால் பல நூறு கட்டங்கள் அளக்க வேண்டும், எல்லா ஆப்பும் ஒழுங்காகக் கையாள்வதும் இல்லை, ஓரளவு நல்ல ஐபிஎஸ் மானிட்டரில் வித்தியாசம் தெரியவும் தெரியாது. நடுத்தர வேகத்தில் விட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். மவுஸைத் தட்டிவிடாமலும் ஸ்கிரீன்சேவர் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு: டிஸ்ப்கால் கேலிபரேட் செய்யும், டார்ஜென் வண்ணக் கட்டங்களின் பட்டியல் தயாரிக்கும், டிஸ்ப்ரீட் அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி அளக்கும், கால்ப்ராஃப் அளவிலிருந்து ப்ரொஃபைல் செய்யும், டிஸ்ப்வின் அதை நிறுவும். டிஸ்ப்ரீடை ஓட்டும்போது டிஸ்ப்கால் கொடுத்த கேலிபரேஷன் கோப்பைச் சேர்த்துக் காட்ட வேண்டும், அதை விட்டால் வளைவு ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். க்னோம் கலர் பக்கத்திலேயே கேலிபரேட் பொத்தானும் இருக்கிறது, கருவியைச் செருகினால் உயிர் பெறும், அவசரத்துக்குச் சரி, ஆனால் பின்வெளிச்ச வகை, பிரகாச இலக்கு விஷயங்களில் நம் கையில் இருக்கும் பிடி குறைவு.

நிறுவிய பிறகு ஒவ்வொரு ஆப்பாக

முதலில் எழுதி வைத்த அந்தப் பட்டியல் இப்போதுதான் வேலைக்கு வரும். எக்ஸ்11-இலும் க்னோமிலும்: கலர் பக்கத்தில் புது ப்ரொஃபைலை இறக்குமதி செய்து இயல்பாக்குங்கள். கிம்ப்பில் விருப்பங்களுக்குள் கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினியின் மானிட்டர் ப்ரொஃபைலைப் பயன்படுத்த முயலும் தேர்வை இயக்குங்கள். டார்க்டேபிளில் திரை ப்ரொஃபைல் கணினியுடையது என்று இருக்கட்டும். சிவப்பு பச்சைச் சோதனையில் தோற்ற ஆப் ஏதாவது இருந்தால், கோப்பைக் கையால் காட்ட அதில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபயர்பாக்ஸில் ஒரு சூட்சுமம். அதன் உள் அமைப்புப் பக்கத்தில் கலர் மேனேஜ்மென்ட் மோடு என்று தேடினால் ஒரு எண் வரும். இயல்பாக 2, அதாவது ப்ரொஃபைல் ஒட்டிய படங்களை மட்டும் மாற்றும். 1 என்று மாற்றினால் ஒட்டாத படங்களையும் பக்கத்தின் நிறங்களையும் எஸ்ஆர்ஜிபி என்று கருதி மாற்றும். அகல நிற வரம்புள்ள மானிட்டர் வைத்திருந்தால் 1 வைக்காமல் இணையத்தைப் பார்க்கவே முடியாது, எல்லாமே திருவிழா லைட் மாதிரி இருக்கும். திரை ப்ரொஃபைல் கோப்பின் பாதையைக் கொடுக்கவும் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது.

கேடிஇ வேலண்டில் இதெல்லாம் தலைகீழ். திரை அமைப்பில் ஐசிசி கோப்பைக் காட்டுங்கள், அதோடு சரி. கிம்ப்பில் கணினி ப்ரொஃபைல் தேர்வை எடுத்துவிடுங்கள், டார்க்டேபிளில் திரை ப்ரொஃபைலை எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள், ஃபயர்பாக்ஸில் கோப்புப் பாதை காலியாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே உள்ள நிறங்கள் அந்த ஆப்களில் வெட்டுப்படும் என்பது உண்மைதான். அதற்கான தீர்வு வந்துகொண்டிருக்கிறது: வேலண்டின் கலர் மேனேஜ்மென்ட் நெறிமுறை பல வருஷ விவாதத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது, அதைப் பேசக் கற்றுக்கொள்ளும் ஆப் தன் படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்று கம்பாசிட்டரிடம் நேரடியாகச் சொல்லிவிடலாம். கல்யாண ஆல்பம், இணையப் படங்கள் என்று எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே வேலை செய்பவர்களுக்கு இப்போதைக்கே குறை ஒன்றும் இல்லை.

எல்லாம் போட்டு முடித்துக் கணினியை மறுபடி தொடங்கிய பிறகு டிஸ்ப்ளேகாலின் சரிபார்ப்புப் பகுதியைத் திறந்து இன்னொரு முறை அளங்கள். ப்ரொஃபைல் செய்து முடித்ததும் அதுவே காட்டும் பிழை எண்ணை வைத்துத் திருப்தி அடைய வேண்டாம், அது தான் அளந்ததைத் தானே எவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. மறுபடி தொடங்கிய பிறகு எடுக்கும் அளவுதான் வளைவுகள் நிஜமாகவே ஏறியிருக்கின்றனவா என்று காட்டிக்கொடுக்கும். சராசரி டெல்டா இ (நிறப் பிழையின் அளவு) ஒன்றுக்குப் பக்கம், அதிகபட்சம் மூன்றுக்குள் என்றால் கருவியைப் பெட்டியில் வைத்துவிடலாம். கேடிஇ வேலண்டில் சரிபார்க்கும்போது மட்டும் கவனம், அங்கே கம்பாசிட்டர் ஏற்கெனவே மாற்றிவிட்டதால் உங்கள் மானிட்டர் ப்ரொஃபைலோடு ஒப்பிடக்கூடாது, திரை முழுவதும் ஒரு எஸ்ஆர்ஜிபி மானிட்டர் என்று நினைத்து எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாக அளங்கள், ஒரே பிரகாசம், ஒரே வெள்ளை என்ற இலக்கோடு. இரண்டும் வேறு வேறு பேனல் என்றால் எண்கள் ஒத்துப்போன பிறகும் கண்ணுக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், அப்போது முக்கிய மானிட்டரை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதின் வெள்ளையைக் கண்ணால் பார்த்து அதோடு பொருத்தி, அந்த நிலையில் ப்ரொஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவி வாங்க இப்போது வசதி இல்லையா? மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதில் வைத்து, பிரகாசத்தை ஒரு வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுக் குறைத்து, கலர்டியின் தானியங்கி ப்ரொஃபைலை அணைத்து எஸ்ஆர்ஜிபியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே மாடலுக்கு வேறு யாரோ அளந்து போட்ட ப்ரொஃபைலை இறக்கிப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதில் உள்ள நிற விவரம் உங்கள் பேனலுக்கும் ஏறக்குறையப் பொருந்தலாம், ஆனால் வளைவுகள் அவருடைய மானிட்டருக்கு, அவர் வைத்த பொத்தான் நிலைக்கு அளந்தவை. உங்கள் திரையில் அவை சாம்பலைக் கெடுக்கத்தான் வாய்ப்பு அதிகம், நான் போடமாட்டேன்.

மறுபடி எப்போது அளப்பது என்றால், எல்இடி பின்வெளிச்சம் மெதுவாகத்தான் மாறும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மானிட்டரில் பிரகாசத்தையோ நிற நிலையையோ யாராவது தொட்டுவிட்டால் அன்றைக்கே திரும்ப அளக்க வேண்டியதில்லை, குறித்து வைத்த எண்களை டிடிசியூடிலில் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும். கர்னல், டிரைவர், டெஸ்க்டாப் பதிப்பு மாறும்போது மட்டும் புளூயிஷ் சோதனையை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.